நான்கு கிளைகளும் ஒரு நாயும்

எங்கள் பக்கத்தில் "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டால் யாரும் தன் ஊரைச் சொல்வதில்லை. கேட்கிறவருக்குத் தெரிந்த ஊரைத்தான் சொல்வோம். கன்னடக்காரர் கேட்டால் "பெங்களூர் பக்கங்க". தெலுங்குக்காரர் கேட்டால் "குப்பத்துக்குக் கிட்ட". சேலத்துக்காரர் கேட்டால் "தர்மபுரி ஜில்லா". சென்னைக்காரர் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு "கிருஷ்ணகிரி தாண்டி". இதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. கேட்பவருக்குக் கஷ்டம் கொடுக்காத மரியாதை என்றுதான் நினைத்திருந்தோம். உள்ளபடி "உத்தனப்பள்ளி" என்று சொன்னால், "அது எங்க இருக்குது?" என்பார்கள். அதை விளக்கி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இந்த மரியாதையை நான் கைவிடவில்லை. காவேரிப்பட்டினத்தில், பிள்ளைகளே, உங்கள் அம்மா வீட்டில் "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேட்டபோது, "கிருஷ்ணகிரி பக்கங்க" என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் முடிந்து பஸ்ஸில் வந்தோம். கிருஷ்ணகிரி வந்தது, போயிற்று. ராயக்கோட்டை வந்தது, அதுவும் போயிற்று. அப்போது ஜன்னல் பக்கம் இருந்த புதுப்பெண் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, இந்த பஸ்சு எங்கியாவது நிக்குமா, நிக்காதா?"

அத்தோடு திருந்தியிருக்க வேண்டும். திருந்தாமல், பல வருஷம் கழித்து அதே மரியாதையை ஒரு கம்ப்யூட்டரிடமும் காட்டினேன்.

காவ்யா, போன மாதம் நீ கேட்டாய்: "அப்பா, என் ராகி முறுக்கு வெப்சைட்டை எவ்ளோ திருத்தினாலும் தேடறவங்க கண்ணுலயே படல. இந்தத் தேடுபொறி நம்மகிட்ட என்னதாம்ப்பா எதிர்பார்க்குது?" நான் வாயைத் திறப்பதற்குள் உன் தம்பி பிரதாப் முந்திக்கொண்டான். "அப்பாகிட்டயா கேக்கற? ஊருக்கு ஊரு நாயை நிக்க வெச்சிடுவாரு!" வீடே சிரித்தது. ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி, அந்தக் கதையில் இப்போது நாய் இங்கிலீஷ் பேசும் அளவுக்கு வந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஓசூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, மெஷின் ஓட்டக் கற்று, பிறகு தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தமாக ஷெட் போட்டிருந்தேன். வண்டிகளுக்கு ரப்பர் புஷ் செய்கிற வேலை. இரண்டு இரும்புக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, இரண்டும் உரசிச் சண்டை போடாமல் அடியைத் தான் வாங்கிக்கொள்கிற சாமானுக்குத்தான் புஷ் என்று பெயர். (உங்கள் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவே நான் பார்த்த உத்தியோகமும் அதுதான்.)

ஷெட்டில் என்னையும் உங்கள் அம்மாவையும் சேர்க்காமல் எட்டுப் பேர். அச்சிலிருந்து வரும் புஷ்ஷின் பிசிறை அறுத்து எடுக்கிற ரத்னம்மா, பூட்டைத் திறந்த முதல் நாளிலிருந்து எங்களோடு இருந்தவள். எங்களுக்கு வேலை கொடுத்தது ஒரே ஒரு பெரிய கம்பெனி. அந்த வருஷம் அவர்கள் அந்த மாடல் வண்டியைக் குறைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆயுத பூஜைக்குள் இன்னொரு கஸ்டமர் கிடைக்காவிட்டால் எட்டில் பாதிப் பேரை நிறுத்தியாக வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ரத்னம்மா மட்டும் பிசிறை அறுத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, இந்த வருசம் பூசைக்குப் பொரி எத்தினி பேருக்கு வாங்கறீங்க?"

"எல்லாருக்கும்தான்" என்றேன். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சுடலைமுத்து என்று திருநெல்வேலிக்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். எனக்குப் பத்து வயது இளையவர். எதைச் சொன்னாலும் நம்புகிற மாதிரிச் சொல்லக்கூடியவர். அவரிடம் போய்க் குறையைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, ஒரு வெப்சைட்டு போட்டுருவோம். ஒலகத்துல எவன் எந்தப் பொருளத் தேடுனாலும் இந்தப் பொட்டியில தட்டுனா போதும். வரிசையா கொண்டாந்து போட்டுரும்லா."

"யாரு கொண்டாந்து போடறது?"

"சர்ச் எஞ்சின், அண்ணாச்சி."

"அவரு எங்க இருக்காரு?"

"அது ஆளு இல்ல, மிசினு."

மெஷின் என்றால் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஆப்பரேட்டர் இல்லாத மெஷினை நான் பார்த்ததில்லை. எங்கேயோ ஒருவர் உட்கார்ந்துகொண்டு, யாரை முதலில் காட்டுவது, யாரைக் கடைசியில் தள்ளுவது என்று முடிவு செய்கிறார். அவருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்று சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போமே, அந்த மாதிரி.

"சரி, அவருக்கு என்ன வேணுமாம்?"

சுடலைமுத்து பெருமூச்சு விட்டார். "தேடுதவன் என்ன வார்த்தையத் தட்டுதானோ, அந்த வார்த்தை உங்க வெப்சைட்டுப் பக்கத்துல இருக்கணும். பொருளு பேரு, ஊரு பேரு. அம்புட்டுத்தான்."

ஊர்ப் பேரு! பிறந்ததிலிருந்து நான் தேர்ச்சி பெற்ற ஒரே பாடம்.

"சென்னைக்காரன் சென்னைன்னுதானே தட்டுவான்?"

"ஆமா."

"நாம ஓசூர்னு போட்டா அவன் கண்ணுல படுமா?"

"படாது."

"அப்ப சென்னைக்கு ஒரு பக்கம் போடு. பெங்களூருக்கு ஒரு பக்கம் போடு."

"அங்கெல்லாம் நமக்கு என்ன அண்ணாச்சி இருக்கு?"

"சென்னையில எங்க பெரியம்மா பொண்ணு இருக்குது. பெங்களூர்ல என் சகலை இருக்காரு."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு செய்துவிட்டார். ஓசூருக்கு எழுதிய பக்கத்தையே பிரதி எடுத்து ஊர்ப் பேரை மட்டும் மாற்றினோம். "எங்கள் சென்னைக் கிளை", "எங்கள் பெங்களூர்க் கிளை" என்று இங்கிலீஷில் போட்டோம். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். உங்கள் அம்மா சோறு போட்டுக்கொண்டே, "எங்க ஊருப் பக்கம் மட்டும் கிளை கிடையாதா? அதுக்குக் கூட நாங்க தகுதி இல்லியா?" என்றாள். கிண்டலுக்குச் சொன்னாள். நான் மறுநாளே காவேரிப்பட்டினத்துக்கும் ஒரு கிளை திறந்துவிட்டேன். (உலகத்தில் யாராவது "ரப்பர் புஷ் காவேரிப்பட்டினம்" என்று தேடுவார்களா என்று நான் யோசிக்கவில்லை. யோசனை அன்றைக்கு லீவில் இருந்தது.)

கிளை என்றால் போன் நம்பர் வேண்டும். சொந்தக்காரர்கள் நம்பரைக் கொடுத்தோம். காவேரிப்பட்டினம் கிளைக்கு, உங்கள் பெரிய மாமா சென்றாயனின் மாங்காய் மண்டி நம்பர்.

கிளை என்றால் போட்டோவும் வேண்டும். ஸ்டுடியோக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து, எங்கள் ஷெட்டையே சுற்றிச் சுற்றி எடுக்கச் சொன்னேன். முன்பக்கம், ஓசூர். தென்னை மரம் இருக்கிற இடது பக்கம், சென்னை. (தென்னை இருந்தால் கடற்கரை ஊர் மாதிரி இருக்குமே.) வலது பக்கம், காவேரிப்பட்டினம். பின்பக்கம், பெங்களூர். பின்பக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே நீலத் தகரக் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. அது எங்கள் கக்கூஸ். அதை மறைக்க வழி இல்லை. சுடலைமுத்துவே யோசனை சொல்லி, படத்துக்குக் கீழே "செக்யூரிட்டி அறை" என்று போட்டார்.

ஷெட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது படுத்தே இருக்கும். ஸ்டுடியோக்காரர் அதை விரட்ட ஒரு பன்னைப் பிய்த்துப் போட்டார். அதோடு அவரை அது தன் எஜமானனாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர் எந்தப் பக்கம் போனாலும் முன்னால் ஓடிப் போய் நின்றது. "இருக்கட்டும் சார், நாய் நின்னா காவல் இருக்கற மாதிரி தெரியும்" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது.

சில வாரம் எதுவும் நடக்கவில்லை. தினமும் சாயங்காலம் சுடலைமுத்து கடைக்குப் போய் எங்களை நாங்களே தேடினோம். கிடைக்கவில்லை. ஆப்பரேட்டருக்கு இன்னும் மனசு வரவில்லை என்று நினைத்து, கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன். பிறகு ஒரு நாள் "ரப்பர் புஷ் சென்னை" என்று தட்டியதும் முதல் பெயராக நாங்கள் வந்து நின்றோம்! சுடலைமுத்து நாற்காலியிலிருந்து எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பக்கத்தில் டைப்பிங் பழகிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சென்னையில் ஒரு செங்கல் கூட இல்லாத நான், சென்னையில் முதலாம் ஆளாகிவிட்டேன்.

மாங்காய் சீசன் முடியப் போகிற சமயம் புனேயிலிருந்து ஈமெயில் வந்தது. பெரிய கம்பெனி. தென்னிந்தியாவில் பல ஊரில் அவர்களுக்கு வேலை இருக்கிறதாம். எங்களுக்கு நான்கு ஊரில் கிளை இருப்பது மிகவும் வசதியாம். அதனால் தரம் பார்க்கிற அதிகாரி ஒருவரை நேரில் அனுப்புகிறார்களாம். சுடலைமுத்துதான் தமிழில் படித்துச் சொன்னார். "நேர்லயா?" என்று நான் இரண்டு தடவை கேட்டேன்.

"அண்ணாச்சி, பயப்படாதீய. வாரவுக ஓசூருக்குத்தானே வாராவ? மத்த ஊருக்குப் போயா பாக்கப் போறாவ?"

அதுவும் நியாயமாகப் பட்டது. இருந்தாலும் மாங்காய் மண்டி மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லி வைத்தேன். "மச்சான், யாராவது இங்கிலீஷ்ல கேட்டா, ஆமா, கிளைதான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் மாப்ள" என்றார். அவர் "பாத்துக்கறேன்" என்று சொன்ன எந்தக் காரியமும் அதுவரை உருப்பட்டதில்லை என்பது போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதிகாரி வந்தார். கலைவாணி மேடம். முப்பது வயதுதான் இருக்கும். திருச்சிக்காரர், புனேயில் வேலை. காரை விட்டு இறங்கியதும் முதலில் வரவேற்றது மணி. வாலை ஆட்டிக்கொண்டு அவர் காலடியில் போய் நின்றது. அவர் அதைப் பார்த்தார். அதன் காதைப் பார்த்தார். கையிலிருந்த ஃபைலைத் திறந்து கலர் பிரிண்ட் எடுத்த காகிதங்களைப் புரட்டினார். மறுபடி நாயைப் பார்த்தார். ஃபைலை மூடிவிட்டு, "உள்ள போலாமா சார்?" என்றார்.

(நாய் பிடித்தவர் போலிருக்கிறது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்ல!)

உள்ளே ரப்பரை அழுத்துகிற பிரஸ்ஸைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், சூடு எவ்வளவு வைக்கிறோம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். ஓரத்தில் சிவப்பு டப்பா இருந்தது. கழித்த புஷ்களைக் கத்தியால் வெட்டி அதில் போடுவோம். வெட்டுவதற்கு முன் கிடந்த ஒன்றை அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது நல்லாத்தானே சார் இருக்கு? ஏன் கழிச்சிட்டீங்க?"

"உள்ள காத்துக் குமிழி இருக்குதுங்க. அழுத்திப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் அமுங்கும்."

"வெளிய பார்த்தா தெரியவே தெரியாதே. அனுப்பியிருந்தா எங்களுக்குக்கூட தெரிஞ்சிருக்காது."

"உங்களுக்குத் தெரியாதுங்க மேடம். வண்டிக்குத் தெரிஞ்சிடும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது என்று எனக்குப் பட்டது. அங்கேயே நிறுத்தி வண்டி ஏற்றி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

உங்கள் அம்மா காபி கொண்டுவந்தாள். மேடம் ஃபைலைத் திறந்தார். "சார், உங்க காவேரிப்பட்டினம் பிராஞ்சுக்கு ஒரு போன் பேசலாமா? அங்க எவ்ளோ ஸ்டாக் இருக்குன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

"இப்ப... அங்க மதியச் சாப்பாட்டு நேரங்க."

"மணி பதினொண்ணுதானே சார்?"

"அந்தப் பக்கம் சீக்கிரமா சாப்பிடுவாங்க."

அதற்குள் அவரே எங்கள் போனை எடுத்து நம்பரைச் சுழற்றிவிட்டார். உங்கள் பெரிய மாமாவுக்குப் போன் ஒரு தேவையில்லாத சாமான். அவர் சாதாரணமாகப் பேசினாலே காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்குக் கேட்கும். ரிசீவர் மேடத்தின் காதில் இருக்க, பேச்சு எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

மேடம் இங்கிலீஷில் கேட்டார்: "இது காவேரிப்பட்டினம் கிளையா?"

"எஸ்! எஸ்! கிளை! கிளை!"

"உங்ககிட்ட இப்ப எவ்ளோ ஸ்டாக் இருக்கு?" இது தமிழில்.

தமிழைக் கேட்டதும் மச்சானுக்கு உயிர் வந்துவிட்டது. "அட, தமிழா! சொல்லுங்க மேடம்! நேத்து நாலு வண்டி வந்திருக்குது. அத்தனையும் நல்ல ரசம்!"

"ரசமா? எந்த சைஸ் இருக்கு?"

"கைக்கு அடக்கமா இருக்கும். ரெண்டு நாள் வைக்கோல்ல போட்டு வெச்சீங்கன்னா மெத்துனு ஆயிடும். தோல்ல புள்ளி வந்தா பயப்படாதீங்க, உள்ள சக்கரைதான்!"

மேடத்தின் முகத்தில் ஒரு நரம்பு கூட அசையவில்லை. "எங்களுக்கு புனேக்கு அனுப்புவீங்களா?"

"புனே என்னாத்துக்கு, டில்லிக்கே அனுப்பியிருக்கோம். பொட்டிக்கு அடியில மட்டும் நல்லதாப் போட்டு அனுப்பறேன். மேல போட்டா வழியில திருடிடுவானுங்க."

மேடம் "தேங்க் யூ" என்று சொல்லிப் போனை மெதுவாக வைத்தார். ரத்னம்மா வாயில் முந்தானையை வைத்து அடக்கிக்கொண்டு "தேவுடா" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் வேலையும் சேர்ந்துதான் அந்தப் போனோடு போய்விட்டது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அது வந்துங்க மேடம்... அங்க புஷ்ஷோட சேத்து..." என்று ஆரம்பித்தேன். எப்படி முடிப்பது என்று தெரியாததால் பாதியில் விட்டேன்.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "பாத்ரூம் எங்க இருக்கு?"

உங்கள் அம்மா அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். நான் எழுந்து தடுக்கப் பார்த்தேன். என்ன சொல்லித் தடுப்பது? செக்யூரிட்டி அறைக்குள் யாரும் போகக் கூடாது என்றா? கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சார், உங்க பெங்களூர் பிராஞ்சுக்குப் போயிட்டு வந்தேன்."

காகிதத்தில் நீலத் தகரக் கதவு தெரிந்தது.

"செக்யூரிட்டி இல்ல. வாளி மட்டும்தான் இருந்தது."

அடுத்த காகிதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். நான்கு படம். நான்கு ஊர். நான்கிலும் ஒரு காதை நிமிர்த்தி ஒரு காதைப் படுக்கப் போட்டுக்கொண்டு மணி இருந்தது. பெங்களூரில் உட்கார்ந்திருந்தது. சென்னையில் தென்னை மரத்தின் மேல் ஒரு காலைத் தூக்கியிருந்தது. அதை அதுவரை நான் கவனிக்கவே இல்லை.

"எல்லா ஊருக்கும் ஒரே நாய் சார். டிராவலிங் அலவன்ஸ் எல்லாம் குடுக்கறீங்களா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். ரத்னம்மா சிரித்தாள். எட்டுப் பேரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "என்கிட்டயும் இப்பிடித்தாங்க மேடம், கிருஷ்ணகிரி பக்கம்னு சொல்லித்தான் கட்டிக்கிட்டாரு" என்று என் பழைய கேஸையும் சேர்த்துத் தாக்கல் செய்தாள்.

நான் எழுந்து நின்றேன். "மன்னிச்சிடுங்க மேடம். சர்ச் எஞ்சினுக்கு ஊர்ப் பேரு புடிக்கும்னு சொன்னாங்க. அதான்..."

அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். ஆனால் கோபித்துக்கொள்ளாமல், வீட்டு மனுஷியைப் போலப் பேசினார்.

"சார், அந்த மெஷினுக்கு உங்க மேல ஆசையும் இல்ல, கோவமும் இல்ல. ஒருத்தர் ஒண்ணைத் தேடுறாரு. அவருக்கு உண்மையிலேயே வேண்டியது எங்க இருக்கோ அங்க கொண்டுபோய் விடணும். அதுக்கு வேண்டியது அவ்ளோதான். நீங்க அதை ஏமாத்தி என்னை இங்க கூட்டிட்டு வந்துட்டீங்க. வந்து என்ன ஆச்சு? வாளியைப் பார்த்துட்டுப் போறேன்."

சிவப்பு டப்பா பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தக் குமிழி புஷ்ஷை, வண்டிக்குத் தெரிஞ்சிடும்னு கழிச்சீங்கல்ல? உங்க பக்கத்தை நம்பியும் ஒரு ஆளு வர்றாரு சார். அவருக்கும் தெரிஞ்சிடும்."

பிறகு ஃபைலைக் கட்டினார். நான்கு ஊர் வேலை எங்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார். அது நியாயம்தான். எழுந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்து பழைய புஷ் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது பழைய மாடலுக்கு. இப்ப அந்த வண்டி வர்றதில்ல. ஆனா ஓடிட்டிருக்கறதுக்கு வேணும். கொஞ்சமாத்தான் தேவைப்படும், அதனால பெரிய சப்ளையர் யாரும் அச்சு வெட்ட மாட்டேங்கறாங்க. உங்களால முடியுமா? உள்ளதைச் சொல்லுங்க."

பழக்க தோஷத்தில் "அதெல்லாம் சுலபங்க" என்று சொல்ல வாய் வந்தது. உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். வாயை மூடி, புஷ்ஷைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"செய்யலாங்க. அச்சு வெட்ட நாள் ஆகும். முதல் தடவை சரியா வராது. ரெண்டாவது தடவை வரும்."

"இதை உங்க பக்கத்துல எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மணி கார் பின்னாலேயே சந்து முனை வரைக்கும் ஓடி வழியனுப்பியது.

அன்று சாயங்காலமே சுடலைமுத்துவிடம் போய், சென்னை, பெங்களூர், காவேரிப்பட்டினம் மூன்றையும் மூடச் சொன்னேன். மிச்சமிருந்த பக்கத்தில் புதிதாக எழுதினோம்: ஓசூரில் ஒரே ஷெட். ரப்பர் புஷ் செய்கிறோம். பழைய மாடல் வண்டிகளுக்கும், கொஞ்சமாக வேண்டுமென்றாலும் செய்து தருவோம். எந்தெந்த மாடல் என்று பெயர் பெயராகப் போட்டோம். பெரிய எண்ணிக்கை எங்களால் ஆகாது என்றும் போடச் சொன்னேன்.

"ஆகாதுன்னு யாராச்சும் வெளம்பரத்துல போடுவாவளா அண்ணாச்சி?" என்று சுடலைமுத்து அழாத குறையாகக் கேட்டார்.

"போடு" என்றேன்.

பழைய மாடல் புஷ் நான் சொன்னபடியே முதல் தடவை சரியாக வரவில்லை, இரண்டாவது தடவை வந்தது. புனேயிலிருந்து ஆர்டரும் வந்தது; சின்னதுதான், ஆனால் நின்று வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஈமெயில் வர ஆரம்பித்தது. லூதியானாவில் ஒரு மெக்கானிக். ராஜ்கோட்டில் ஒரு பழைய வண்டிக்காரர். சென்னையிலிருந்தே ஒருவர் எழுதியிருந்தார்: அந்த மாடல் பெயரைப் போட்டு எங்கெல்லாமோ தேடினேன், நீங்கள் ஒருவர்தான் வந்தீர்கள் என்று. கிளை இருந்தபோது வராத சென்னை, கிளையை மூடிய பிறகு வந்தது.

அந்த ஆயுத பூஜைக்கு எட்டுப் பேருக்கும் பொரி வாங்கினோம். ரத்னம்மா பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்தாள், அச்சுக்குப் பொட்டு வைத்தாள், மிச்சக் குங்குமத்தை மணியின் நெற்றியில் வைத்து ஒரு சாமந்தி மாலையும் போட்டாள். "நாலு கிளைக்கும் மேனேஜரு அண்ணா, மறக்கக் கூடாது" என்றாள். அது மாலையில் பாதியைத் தின்றுவிட்டது.

காவ்யா, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அந்த மெஷினுக்கு ஓர் ஆப்பரேட்டர் இருப்பார் என்று நான் நினைத்தது முழுக்கத் தப்பில்லை. அவர் மெஷினுக்குப் பின்னால் இருப்பதாக நினைத்து அவருக்கு மாலை போடப் பார்த்தேன், அங்கேதான் தப்பு. அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஏதோ ஒன்று வேண்டியிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். உன் முறுக்கில் என்ன இருக்கிறது, எந்த எண்ணெயில் சுடுகிறாய், எத்தனை நாள் கெடாது, எந்த ஊருக்கு அனுப்ப முடியாது, எல்லாவற்றையும் அவருக்குச் சொல். ஊர் உத்தனப்பள்ளி என்றே போடு. "அது எங்க இருக்குது?" என்று கேட்டால் நிதானமாகச் சொல்லலாம். பஸ் போனால் போகட்டும்.

கலைவாணி மேடத்துக்கு இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் போன் பேசுகிறேன். அன்று அவர் என்னைப் பொய்யன் என்று எழுதி மூடிவிட்டுப் போயிருக்கலாம். சிரித்துவிட்டு, பையைத் திறந்தார். அதற்கு நான் எத்தனை வருஷம் நன்றி சொன்னாலும் போதாது. நான் ஹலோ சொல்வதற்குள் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பெங்களூர் பிராஞ்ச் எப்படி இருக்கு சார்?"

நன்றாகவே இருக்கிறது. ஷெட்டை இடித்துக் கட்டியபோது அதற்கு டைல்ஸ் கூடப் போட்டோம். ஆனால் பெயரை மட்டும் எங்களால் மாற்ற முடியவில்லை. எங்கள் வீட்டிலும் ஷெட்டிலும் அந்த அறைக்கு இன்றுவரை வேறு பெயரே கிடையாது. காவ்யா, நீ இரண்டாவது படிக்கிறபோது ஒரு நாள் ஷெட்டில் போன் அடித்தது. லூதியானா மெக்கானிக்குக்காக இங்கே ஓசூரில் பேசுகிற ஆள். நீதான் எடுத்தாய்.

"அப்பா இல்லீங்க அங்கிள். பெங்களூர் கிளைக்குப் போயிருக்காரு."

"அப்படியா பாப்பா? எப்ப திரும்புவாரு?"

நீ ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே பின்பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாய்.

"தண்ணி ஊத்தற சத்தம் கேக்குது அங்கிள். இப்ப வந்துடுவாரு."